பதிவேட்டில் பெயர்: சங்கங்கள், நீக்கங்கள், பெண்கள்

ஒரு கூட்டத்திலிருந்து ஒருவரை வெளியேற்றுவதற்குத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. நீக்கம், விலக்கம், தள்ளிவைத்தல், ஒதுக்கிவைத்தல், சாதிப் பிரஷ்டம். கட்சிக்காரர்கள் ‘கட்டம் கட்டிட்டாங்க’ என்பார்கள். இவற்றில் பாதிச் சொற்கள் பெண்களின் அன்றாடப் பேச்சிலும் புழங்குகின்றன. மாதவிடாய் நாட்களில் அவள் ‘வீட்டு விலக்கு’. புருஷன் கைவிட்டால் ‘தள்ளிவெச்சவ’. சங்கத்திலிருந்து ஓர் ஆணை விலக்கினால் அது ஒரு நிகழ்ச்சி. கூட்டம் நடக்கும், தீர்மானம் எழுதப்படும், பதிவுத் தபால் வரும், அவர் நீதிமன்றம் போவார். பெண்ணை விலக்குவது பெரும்பாலும் நிகழ்ச்சியாகவே பதிவாவதில்லை. அது மாதம் தவறாமல் நடந்துகொண்டிருந்தது. அதற்கு யாரும் மேல்முறையீடு செய்ததில்லை.

சங்க நீக்கம் பற்றிய வழக்குகளைக் கொஞ்ச காலமாகத் தேடிப் படித்துவருகிறேன். நான் வழக்கறிஞர் அல்ல. தமிழ் படித்தவள், தமிழ் சொல்லித்தருபவள். படித்தவரை எனக்குத் தெளிவானது ஒன்று. உறுப்பினரை எப்படி நீக்கலாம், எப்படி நீக்கக் கூடாது என்று நீதிமன்றங்கள் நூற்றைம்பது ஆண்டுகளாக நல்ல விதிகளை வகுத்திருக்கின்றன. ஆனால் அந்த விதிகள் அனைத்தும் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கின்றன: நீக்கப்பட்டவரின் பெயர் முதலில் பதிவேட்டில் இருந்திருக்க வேண்டும். பெண்கள் அந்த வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள். தப்பி உள்ளே வந்தவர்களை வெளியேற்றக் குற்றச்சாட்டே தேவைப்படவில்லை; பதிவேட்டில் ஒரு கோடு போதுமானதாக இருந்தது.

1. உத்திரமேரூர்ப் பட்டியல்

நான் இருப்பது தென்னேரியில். திரையன் ஏரி என்பதே தென்னேரி ஆனது என்று ஊரில் சொல்வார்கள். ஏரியும் கோயிலும் சபையும் சேர்ந்துதான் இந்தத் தொண்டை நாட்டு ஊர்கள் உருவாயின. சபை என்றதும் எல்லோரும் கைகாட்டுவது எங்கள் மாவட்டத்திலேயே இருக்கும் உத்திரமேரூரை. முதலாம் பராந்தகன் காலத்தில், பொ.ஆ. 919, 921 ஆண்டுகளில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்கின்றன. 30 குடும்புகள், ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய ஓலைகள், ஒரு சிறுவன் குடத்தில் கைவிட்டு எடுப்பான். சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். தேர்தல் நேரத்தில் மேடைகளில் இதைப் பெருமையாகச் சொல்கிறோம்.

அந்தக் கல்வெட்டின் பெரும்பகுதி யார் வரலாம் என்பதைவிட யார் வரக் கூடாது என்பதைப் பற்றியது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் வரக் கூடாது. மகாபாதகம் செய்தவர், பிறர் பொருளைத் திருடியவர், ஊருக்கு முள்ளாய் இருப்பவர் வரக் கூடாது. காணி நிலமும் சொந்த மனையும் வேத அறிவும் இல்லாதவர் பெயர் குடத்துக்குள்ளேயே போகாது. பிராமணர் சபை அது. உழுதவர்கள் யாரும் அதில் இல்லை.

கணக்குக் காட்டாதவருக்கு மட்டுமல்ல, அவருடைய உறவினருக்கும் தடை உண்டு. அந்த உறவுப் பட்டியலை வகுப்பில் வாசிக்கும்போதெல்லாம் மாணவிகளை ஒன்று கவனிக்கச் சொல்வேன். சிற்றன்னை, பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், தாயோடு பிறந்தவன், மனைவியோடு பிறந்தவன், மாமனார், உடன்பிறந்தாளை மணந்தவன், உடன்பிறந்தாள் மக்கள், மகளை மணந்த மருமகன். தாய், அத்தை, மனைவி, உடன்பிறந்தாள், மகள் என்று எத்தனையோ பெண்கள் இந்த வரிகளில் வருகிறார்கள். ஒருத்திகூட ஆளாக வரவில்லை. ஓர் ஆணிடமிருந்து இன்னோர் ஆணுக்குப் போகும் வழியாகவே வருகிறார்கள். பெண்கள் வாரியத்துக்கு வரக் கூடாது என்று அந்தக் கல்வெட்டு எங்கும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவை அவர்களுக்கு எழவில்லை.

பெண்களுக்குக் கையில் பொருளே இல்லாத காலம் என்றும் சொல்லிவிட முடியாது. சோழர் காலக் கோயில் சுவர்களில் விளக்குக்கும் நிலத்துக்கும் கொடை கொடுத்த அரசிகளும், பிராமணப் பெண்களும், கோயில் பெண்டிரும் பெயரோடு இருக்கிறார்கள். கொடுப்பவளாகப் பெயர் பொறிக்கலாம். கணக்குக் கேட்பவளாகப் பொறிக்க முடியாது.

2. சாதியும் ஒரு சங்கம்தான்

பிரிட்டிஷ் நீதிமன்றங்கள் வந்தபோது அவற்றின் முன் வந்து நின்ற முதல் ‘சங்கம்’ சாதி. சாதியிலிருந்து தள்ளிவைக்கப்பட்டால் தண்ணீர் இல்லை, நெருப்பு இல்லை, நாவிதரும் வண்ணாரும் வரமாட்டார்கள், பிணம் தூக்க ஆள் இல்லை. 1850ஆம் ஆண்டின் சாதிக் குறைபாடுகள் நீக்கச் சட்டம், சாதியை இழந்தாலும் சொத்துரிமை போகாது என்றது. ஆனால் தள்ளிவைப்பது சரியா என்பதை அது தொடவில்லை. அந்தக் கேள்வி தனித்தனி வழக்குகளாக வந்தது.

கிருஷ்ணசாமி செட்டி எதிர் வீராசாமி செட்டி என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் 1886இல் ஒரு வழக்கு. சாதிக் கட்டுப்பாட்டை மீறிவிட்டார் என்று தவறாக நம்பி ஒருவரைச் சாதியிலிருந்து நீக்கினார்கள். நல்லெண்ணத்தோடு நம்பினாலும் அந்த நம்பிக்கை தவறாக இருந்தால் நீக்கம் செல்லாது என்றது நீதிமன்றம். சாதிக்குத் தன் உறுப்பினரை ஒழுங்குபடுத்தும் உரிமை உண்டு. ஆனால் அது கேட்பாரற்ற உரிமை அல்ல. பின்னால் வந்த கிளப் வழக்குகளுக்கும் தொழிற்சங்க வழக்குகளுக்கும் இது ஒரு மூதாதை. வாதியும் பிரதிவாதியும் ஆண்கள்.

இதன் மறுபக்கத்தைப் பார்க்க மலையாளக் கரைக்குப் போக வேண்டும். அங்கே நம்பூதிரிப் பெண்களுக்கு ஸ்மார்த்த விசாரம் என்று ஒரு முறை இருந்தது. ஒழுக்கம் தவறியதாகச் சந்தேகிக்கப்பட்ட பெண்ணைத் தனியறையில் அடைத்து, ஸ்மார்த்தர் என்ற விசாரணையாளர் வெளியே நின்றபடி கேள்வி கேட்பார். குற்றம் முடிவாகும்வரை அவளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடமாட்டார்கள், ‘சாதனம்’ என்பார்கள். சாதனம் என்றால் பொருள், பண்டம். முடிவானதும் அவள் குடும்பத்தார் அவளுக்கு ஈமச் சடங்கு செய்வார்கள். உயிரோடு இருப்பவளுக்கு.

1905இல் கொச்சி சமஸ்தானத்தில் நடந்த குறியேடத்துத் தாத்ரியின் விசாரணை இவற்றில் பெயர்பெற்றது. தாத்ரி தன்னோடு தொடர்புகொண்ட ஆண்களின் பெயர்களை ஒன்றொன்றாகச் சொன்னாள், அடையாளங்களையும் சொன்னாள். அறுபதுக்கும் மேற்பட்ட ஆண்கள் அவளோடு சேர்த்து விலக்கப்பட்டார்கள். அவர்களில் வேத விற்பன்னர்கள் இருந்தார்கள், கதகளிக் கலைஞர்கள் இருந்தார்கள். இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஆண்களின் எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நான் தங்குவது வேறோர் இடத்தில். பெயர் சொல்லப்பட்ட ஆண்கள் ‘எங்களையும் கேட்க வேண்டும்’ என்றார்கள். அவர்களுக்குத் தாத்ரியைக் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்புத் தரப்பட்டது. மன்னர் அதற்கு இடம் கொடுத்தார். நாம் இன்று இயற்கை நீதி என்று சொல்லும் கோட்பாடு, ஸ்மார்த்த விசாரத்துக்குள் ஆண்களின் கையைப் பிடித்துக்கொண்டு நுழைந்தது. அதற்கு முன் அந்த அறைகளில் அடைபட்ட பெண்களுக்காக யாரும் அதைக் கோரவில்லை.

3. அவர்கள் சங்கம் அல்ல

சட்டத்தின் முன் ஒரு கூட்டமாக நின்று, ‘எங்களுக்குள் யார் சேரலாம் என்பதை நாங்கள்தான் முடிவுசெய்வோம்’ என்று சொன்ன தமிழ்ப் பெண்கள் உண்டா? உண்டு. கோயில் தாசிகள்.

சின்ன உம்மாயி எதிர் தேகராய செட்டி என்ற வழக்கு 1876இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. கோயிலில் நடனமாடும் பெண்கள் தர்மகர்த்தாவுக்கு எதிராக வழக்குத் தொடுத்திருந்தார்கள். தங்கள் ஒப்புதல் இல்லாமல் புதிய பெண்களுக்குப் பொட்டுக்கட்டிக் கோயில் ஊழியத்தில் சேர்க்கக் கூடாது. சேர்க்கையைத் தீர்மானிக்கும் உரிமை வழக்கப்படி தங்களுடையது என்பது அவர்கள் வாதம். வணிகச் சங்கமோ நெசவாளர் சமூகமோ கேட்டிருந்தால் வழக்கமான கோரிக்கை. ஆனால் நீதிமன்றம் இதை ஒழுக்கக் கேட்டின் வருமானத்தில் ஏகபோகம் கேட்பதாகப் பார்த்து மறுத்துவிட்டது.

இரண்டு ஆண்டுகள் கழித்துக் கமலம் எதிர் சடகோபசாமி வழக்கில், மானியமும் மரியாதையும் சேர்ந்த பரம்பரைப் பதவி என்ற முறையில் ஒரு தாசி தனக்குரிய மிராசு உரிமைக்காக வழக்குத் தொடரலாம் என்று அதே நீதிமன்றம் ஏற்றது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. தனியொருத்தியாக வந்தால் பதவிக்கும் வருமானத்துக்கும் வழக்காடலாம். கூட்டமாக வந்து உறுப்பினரைத் தீர்மானிக்கும் அதிகாரம் கேட்டால் கதவு சாத்தப்படும். பொட்டுக்கட்டும் முறையைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 1947இல் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது நல்லதே. நான் கேட்பது, ஒழுக்கம் என்ற அளவுகோல் யாருடைய சங்கத்துக்கு மட்டும் வந்தது என்பதைத்தான். ஆண்கள் குதிரைப் பந்தயத்துக்கும் குடிக்கும் சீட்டாட்டத்துக்கும் கூடிய கிளப்புகளின் உறுப்பினர் உரிமையை விசாரித்த நீதிபதிகள் யாரும் அந்த அளவுகோலை எடுத்ததில்லை.

அந்த மரபிலிருந்து வந்த பெங்களூர் நாகரத்தினம்மாள் செய்ததை இங்கே நினைக்கிறேன். திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையைப் பெரிய கட்சி, சின்ன கட்சி என்று இரு தரப்பாக ஆண்கள் நடத்திவந்தார்கள். சமாதி இருந்த இடம் பாழடைந்து கிடந்தது. 1921இல் வேலையைத் தொடங்கித் தன் சொந்தப் பணத்தில் கோயில் கட்டி 1926இல் குடமுழுக்குச் செய்தவர் நாகரத்தினம்மாள். அந்தக் கோயிலில் பாட அவருக்கும் மற்றப் பெண்களுக்கும் ஆராதனைக் கட்சிகள் இடம் தரவில்லை. அவர் 1927இல் பெண்கள் கட்சி என்று மூன்றாவதாக ஒன்றைத் தொடங்கினார். 1940களின் தொடக்கத்தில் கட்சிகள் ஒன்றானபோது பெண்களும் பாடும் நிலை வந்தது. அவர் எந்தப் பதிவேட்டிலிருந்தும் நீக்கப்பட்டவர் அல்ல. எந்தப் பதிவேட்டிலும் சேர்க்கப்படாதவர். அதனால் அவர் வேறொரு பதிவேட்டைத் திறந்தார்.

புதுக்கோட்டையில் தாவூத் ஷரீஃபா கானம் பெண்களுக்கென்று ஜமாஅத் தொடங்கியதும் இதே தர்க்கம்தான். தலாக்கும் ஜீவனாம்சமும் ஜமாஅத்தில் முடிவாகின்றன. அந்த ஜமாஅத்தில் பெண் உறுப்பினர் இல்லை. தன் வழக்கு பேசப்படும் கூட்டத்துக்குள் அவள் போக முடியாது. உள்ளே விடாத சபையின் தீர்ப்பு மட்டும் அவளைக் கட்டுப்படுத்தும் என்றால், பெண்கள் தங்களுக்கென்று கூடித்தான் ஆக வேண்டும்.

4. மூன்று கேள்விகள்

கிளப்புகளுக்கு வருவோம். ஆங்கிலேயரின் கிளப் கலாச்சாரம் இந்தியாவுக்குச் சாப்பாட்டு மேசையோடு துணை விதிகளையும் கொண்டுவந்தது. லண்டனில் 1878இல் ஃபிஷர் எதிர் கீன் வழக்கில், உறுப்பினருக்கு அறிவிப்புக் கொடுக்காமல், அவர் தரப்பைக் கேட்காமல் ஒரு கிளப்பின் குழு செய்த நீக்கத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. கனவான்களின் கிளப்பாக இருந்தாலும் ஒருவருடைய மரியாதையைப் பறிப்பதற்கு முன் அவரைக் கேட்க வேண்டும் என்பது அதன் சாரம்.

இந்தியாவில் இதற்கான அடிப்படைத் தீர்ப்பு பெல்காமில் இருந்த ஒரு மேசானிய லாட்ஜைப் பற்றியது. டி.பி. டாவர் என்பவரை விக்டோரியா லாட்ஜ் நீக்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1962 டிசம்பரில் நீதிபதி சுப்பா ராவ் தீர்ப்பு எழுதினார். டாவர் தோற்றார். ஆனால் அந்தத் தீர்ப்பு வகுத்த வரையறை இன்றும் நிற்கிறது. சங்கத்தில் சேர்பவர் அதன் விதிகளுக்குக் கட்டுப்பட்டவர். நீக்கும் முடிவு சரியா தவறா என்று நீதிமன்றம் மேல்முறையீடு போல விசாரிக்காது. அது கேட்பவை, என் மொழியில் சொன்னால், மூன்று கேள்விகள். விதிப்படி செய்தீர்களா? குற்றச்சாட்டைச் சொல்லி, பதில் சொல்ல வாய்ப்புக் கொடுத்தீர்களா? நேர்மையோடு செய்தீர்களா, அல்லது உள்நோக்கம் இருந்ததா?

சங்கத்தின் சுதந்திரத்தையும் உச்ச நீதிமன்றம் காத்திருக்கிறது. ஹிந்தி சாகித்ய சம்மேளனத்தைச் சட்டம் போட்டு அரசு மாற்றியமைத்தபோது, 1971இல் தமயந்தி நாரங்கா வழக்கில் அந்தச் சட்டத்தை நீதிமன்றம் செல்லாது என்றது. சங்கம் அமைக்கும் உரிமை என்பது, சேர்ந்தவர்கள் தாங்கள் ஏற்றுக்கொண்டவர்களோடு மட்டும் தொடர்ந்து சேர்ந்திருக்கும் உரிமையும்தான் என்றது. அரசின் கையிலிருந்து சங்கங்களைக் காக்கும் நல்ல தீர்ப்பு. ஆனால் ‘நாங்கள் ஏற்றுக்கொண்டவர்களோடு மட்டும்’ என்ற சொற்களை வாசலில் நிற்பவர் வேறு விதமாகத்தான் கேட்பார்.

அப்படி வாசலில் நின்றவர் இங்கிலாந்தின் ஃபுளோரன்ஸ் நாகல். பந்தயக் குதிரைகளைப் பழக்குபவர். உரிமம் கொடுக்கும் ஜாக்கி கிளப், பெண்களுக்கு உரிமம் தருவதில்லை. அதனால் குதிரைகளைப் பழக்கியது நாகல். உரிமம் அவருடைய லாயத்துத் தலைமைப் பணியாளரான ஆணின் பெயரில். 1966இல், எழுபதைக் கடந்த வயதில், அவர் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார். ஒரு தொழில் முழுவதையும் கையில் வைத்திருக்கும் கிளப், காரணமில்லாமல் ஒருவரை மறுத்து அவருடைய பிழைப்பைத் தடுக்க முடியாது என்று வாதிக்க இடமுண்டு என்றார் டென்னிங் பிரபு. ஜாக்கி கிளப் இறங்கிவந்தது. நாகல் தன் பெயரில் உரிமம் பெற்றார்.

நாகலின் கதையைப் படித்தபோது எனக்கு எங்கள் பக்கத்துத் தறி வீடுகள்தான் நினைவுக்கு வந்தன. பட்டுச் சேலையில் உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு ஒரு நிறமும் வைத்துக் கோர்வை போடும்போது மூன்று நாடாக்கள் ஓடும். ஓர் ஓரத்து நாடாவைத் தள்ள இன்னொரு கை வேண்டும். பெரும்பாலும் அது மனைவியின் கை, மகளின் கை. தார் சுற்றுவது, பாவு புணைவது என்று தறிக்கு முன்னும் பின்னும் இருக்கும் வேலைகளும் அவர்களுடையவை. அகில இந்திய அளவில் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நெசவு செய்பவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேல் பெண்கள். வடகிழக்கு மாநிலங்களால் அந்த எண்ணிக்கை உயர்ந்திருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் இங்கேயும் பெண் கை படாத சேலை ஒன்றுகூட இருக்காது.

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர், கணவர் இறந்த பின் அவருடைய சங்கப் பாஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனார். “முப்பது வருஷமா அந்தத் தறியில நானுந்தான் உக்காந்தேன் டீச்சர். புக்கைப் பார்த்துட்டு, ‘நீங்க மெம்பர் இல்லையேம்மா, புதுசா மனு கொடுங்க’ன்னாங்க” என்றார். அவரை யாரும் நீக்கவில்லை. அதனால் டாவர் வழக்கின் மூன்று கேள்விகளில் ஒன்றையும் அவரால் கேட்க முடியாது.

5. சந்தா பாக்கி

உள்ளே இருந்த ஒரு பெண் நீக்கப்பட்டு, நீதிமன்றம் போன வழக்கு நம் கண்முன் நடந்தது. 2018 அக்டோபரில் பாடகியும் பின்னணிக் குரல் கலைஞருமான சின்மயி, கவிஞர் வைரமுத்து மீது பாலியல் குற்றச்சாட்டை வெளிப்படையாகச் சொன்னார். வேறு பல பெண்களின் புகார்களுக்கும் துணை நின்றார். அவற்றில் தென்னிந்தியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைஞர்கள் மற்றும் பின்னணிக் குரல் கலைஞர்கள் சங்கத்தின் தலைவர் ராதாரவி மீதான புகார்களும் இருந்தன. இருவரும் குற்றச்சாட்டுகளை மறுத்தார்கள். அடுத்த மாதமே, நவம்பரில், சின்மயி அந்தச் சங்கத்தின் உறுப்பினர் இல்லை என்று ஆனது.

சங்கம் சொன்ன காரணம், இரண்டு ஆண்டுகளாகச் சந்தா கட்டவில்லை என்பது. அந்த ஆண்டுதான் ‘96’ படம் வெளியாகி, திரிஷாவுக்கு அவர் கொடுத்த குரலை எல்லோரும் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். தன் வருமானத்திலிருந்து சங்கத்துக்குப் பத்து விழுக்காடு பிடிக்கப்பட்டுவந்தது, தனக்கு முன்னறிவிப்பு எதுவும் வரவில்லை என்றார் சின்மயி. மறுபடியும் சேர ஒன்றரை லட்சம் ரூபாயும் மன்னிப்புக் கடிதமும் கேட்கிறார்கள் என்றும் அவர் பின்னால் சொன்னார். தமிழ்த் திரைத்துறையில் சங்க அட்டை இல்லாமல் பின்னணிக் குரல் கொடுப்பது நடைமுறையில் முடியாத காரியம். சீட்டாட்டக் கிளப்பிலிருந்து நீக்கப்பட்டவர் வேறு கிளப்பில் சீட்டாடலாம். இங்கே நீக்கம் என்றால் தொழிலிலிருந்து நீக்கம். நாகல் வழக்கில் பேசப்பட்டது இதேதான்.

சின்மயி சென்னை நகர உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போனார். 2019 மார்ச்சில் நீக்கத்துக்கு இடைக்காலத் தடை கிடைத்தது. 2020இல் சங்கத் தேர்தல் வந்தபோது தலைவர் பதவிக்கு மனுச் செய்தார். மனு நிராகரிக்கப்பட்டது. ராதாரவி போட்டியின்றித் தேர்வானார்.

இதை இன்னொரு நீக்கத்தோடு வைத்துப் பார்க்கலாம். 2016இல் தென்னிந்திய நடிகர் சங்கம், முன்பு பொறுப்பில் இருந்த சரத்குமாரையும் ராதாரவியையும் நிதி முறைகேட்டுப் புகார்களின் பேரில் நீக்கியது. அவர்கள் அந்தப் புகார்களை மறுத்தார்கள். அதன் சரி தவறுக்குள் நான் போகவில்லை. அந்த நீக்கம் நடந்த முறையை மட்டும் பாருங்கள். முதலில் தற்காலிக நீக்கம், பிறகு நவம்பரில் பொதுக்குழு, தீர்மானம், பத்திரிகைகளில் தலைப்புச் செய்தி. குற்றச்சாட்டுக்கு ஒரு பெயர் இருந்தது. குற்றச்சாட்டு இருந்தால் மறுப்பும் இருக்கலாம். மறுப்பைக் கேட்க ஒரு மேடையும் இருக்கலாம். சந்தா பாக்கி என்பதில் இவை எதுவும் இல்லை. அது தண்டனை போலத் தோன்றாது. கணக்குவழக்கு போலத் தோன்றும். ‘நாங்கள் அவரை நீக்கவில்லை, அவரே விடுபட்டுப்போனார்’ என்று சொல்ல வசதியானது.

இந்த வசதி சினிமாச் சங்கத்துக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். நான் பல ஆண்டுகள் உறுப்பினராக இருந்த ஓர் இலக்கிய அமைப்பின் விதியில், தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வராதவரின் உறுப்பினர் தகுதி தானாக முடிந்துவிடும் என்று இருந்தது. கூட்டங்கள் இரவு எட்டு மணிக்கு, கடைசிப் பேருந்தைத் தவறவிடும் நேரத்தில், நடக்கும். அமைப்பில் நாங்கள் ஐந்து பெண்கள் இருந்தோம். கூட்டத்தை ஞாயிறு காலைக்கு மாற்றச் சொல்லி எழுதிக்கொடுத்தோம். ‘பரிசீலிக்கப்படும்’ என்றார்கள். ஓராண்டில் ஐந்து பேரும் தானாக முடிந்துபோனோம். அந்த விதியில் ஆண், பெண் என்ற சொல்லே கிடையாது. உத்திரமேரூர்க் கல்வெட்டில் பெண்ணுக்குத் தடை எழுதப்படாதது போலவே.

6. விதிகளை யார் எழுதுவது

‘நீதிமன்றம் போவதால் என்ன பயன்? மனு தள்ளுபடி ஆனதுதானே மிச்சம்’ என்று மாணவிகள் கேட்பதுண்டு. சின்மயி பெற்ற இடைக்காலத் தடை சிறிய விஷயம் அல்ல. நீக்கத்தை நிறுத்திவைக்க நீதிமன்றத்தைக் கேட்கலாம் என்பதே சங்கங்களுக்கு ஒரு செய்தி. ஆனால் வழக்கு ஆண்டுக்கணக்கில் நடக்கும். அதுவரை பிழைக்க வேண்டும். அதற்குப் பெயரும் வசதியும் உள்ள ஒருவரால்தான் முடியும். துணை நடிகையாலோ தறி வீட்டு அக்காவாலோ முடியாது. ஆகவே நீக்கத்துக்குப் பிறகு வரும் சட்டத்தைவிட, நீக்கத்துக்கு முன்னால் எழுதப்படும் துணை விதிகள் நமக்கு முக்கியம்.

அந்த விதிகளில் என்ன இருக்க வேண்டும் என்பதை மேலே சொன்ன வழக்குகளே சொல்லித்தருகின்றன. சந்தா பாக்கிக்காகப் பெயரை எடுப்பதென்றால், தொகையும் கெடு நாளும் எழுதிய அறிவிப்புக் கையில் சேர வேண்டும். கட்டினால் உறுப்பினர் தகுதி தொடர வேண்டும். பொறுப்பில் இருப்பவர் மீது புகார் சொன்ன உறுப்பினரின் நீக்கத்தை, அந்தப் பொறுப்பாளர் இல்லாத குழுதான் விசாரிக்க வேண்டும். கூட்ட நேரம் உறுப்பினர் எல்லோராலும் வரக்கூடியதாக இல்லாவிட்டால் வராததைக் காரணமாக்கக் கூடாது. குடும்பமே செய்யும் தொழிலில் உறுப்பினர் அட்டை கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் கேட்கும் புகார்க் குழு, படப்பிடிப்புத் தளத்துக்கும் சங்க அலுவலகத்துக்கும் வர வேண்டும்.

இவற்றையெல்லாம் ஏற்கெனவே இருக்கும் சங்கங்கள் ஏற்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இல் வந்தது. அதன்படி ஒரு சங்கத்தைத் தொடங்க ஏழு பேர் போதும். விதிகளை அவர்களே எழுதிப் பதிவாளரிடம் கொடுக்கலாம். உறுப்பினர் பதிவேடு ஒன்றை வைத்திருக்க வேண்டும். இலக்கிய அமைப்பிலிருந்து ‘தானாக முடிந்துபோன’ நாங்கள் ஐந்து பேர். இன்னும் இரண்டு பேர் வேண்டும்.